பூங்காவுக்கு விட்ட இடம்

பழைய நில வரைபடத்தில் கிணறு இருந்தது. புது மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடத்தில் சிறுவர் பூங்கா இருந்தது. ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கிணறு எங்கே போனது என்று பார்க்கத்தான் பொறியாளர் சித்ரகலா சேவூர்ப் பக்கம் வந்திருந்தாள்.

"மூடியாச்சுங்க மேடம். நீங்க நிக்கறதே அதுக்கு மேலதானுங்க," என்றார் மனை போடும் தங்கதுரை.

அவளுக்கு உள்ளங்கால் கூசியது. இந்தப் பக்கத்துக் கிணறு என்றால் சும்மாவா? லாரியே உள்ளே இறங்குகிற அகலம், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் ஆழம்.

"எதைப் போட்டு மூடினீங்க?"

"நல்ல செம்மண்ணுங்க. லோடு லோடா அடிச்சமுங்க."

மழையில் மேல்மண் கரைந்த இடத்தில் துணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சித்ரகலா குனிந்து இழுத்தாள். ஆரஞ்சு, பச்சை, ரோஸ் என்று வந்துகொண்டே இருந்தது. அட கடவுளே, பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்! ஓசியில் கிடைக்கிற சரக்கு, கிணற்றில் கொட்டாமல் விடுவார்களா?

"அடியில மட்டுந்தானுங்க. மிதிச்சு இறுக்கியிருக்குது, கல்லாட்டம் நிக்கும்."

"துணி மக்கிப்போயிடும் சார். மேல மண்ணு மட்டும் அந்தரத்துல நிக்கும். முதல்ல தள்ளிப் போங்க."

தங்கதுரை சிரித்தார். யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பயப்படாதீங்க மேடம்," என்று தரையில் ஓங்கி ஓர் உதை விட்டார்.

காலுக்கடியில் 'புஸ்' என்று காற்று வெளியேறியது. தங்கதுரை சிரிப்பை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். மனைக்குக் காவல் இருக்கும் காவல்காரரின் கொட்டகை எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் சித்ரகலாவுக்கு உறைத்தது. நாலு தகரமும் ஒரு தார்ப்பாயும், அவளுக்குப் பின்னால், அதே மண்ணின் மேல். தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த காவல்காரர் மனைவி விஜயராணி, இவர்கள் முகத்தைப் பார்த்ததும் குடத்தைப் போட்டாள்.

"ஏ ஆத்தி! எம்புள்ள உள்ள தூங்குதே!"

"வராதீங்க! ரெண்டு பேர் பாரம் தாங்காது. நான் பக்கத்துல இருக்கேன், எடுத்துட்டு வர்றேன்!"

சொன்னாளே தவிர, கால் நகர்ந்தால்தானே! செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல மெல்ல உள்ளே போனாள். தூளியில் கிடந்த பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். திரும்பும்போது தரை மெத்தையாக அமுங்கியது. அவ்வளவுதான், ஓவென்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

விஜயராணி கையில் அதைக் கொடுத்த பிறகு கொட்டகை போனது. பெரிய சத்தம்கூட இல்லை. முதலில் தகரம், அப்புறம் தார்ப்பாய், கடைசியில் வட்டமாகச் செம்மண். பொத்தலிலிருந்து அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது.

சித்ரகலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கத் தங்கதுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இவள் பக்கமே பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார். மகளை அழைத்திருந்தார்.

"அனிதா, கண்ணு, புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஊட்டை உட்டு வெளிய ஓடியா. எதையும் எடுக்காதே. நம்ம ஊட்டுக்கு அடியிலயும் ஒரு கிணறு, இப்படித்தான் மூடுனேன்."