மகள் ஊர்வலத்துக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட்

எஞ்சினைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து எவுதால்தோவுக்கு ஒரே பிடிவாதம். அவனுடைய ஐம்பத்துநாலாம் வருஷத்துத் திறந்த காருக்கு எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டாக ரேஸ் கேம்ஷாஃப்ட்தான் வேண்டுமாம். மயாமியிலிருந்து வந்த தங்கை அதைத் துணிமணிகளுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

மனைவியின் அண்ணன் ஒரெஸ்தெஸ்தான் மெக்கானிக். அவன் தலையில் அடித்துக்கொண்டேதான் அதைப் பொருத்தினான்.

“மாப்ளே, இது பறக்குற வண்டிக்குப் போடுறது. மெதுவாப் போனா எஞ்சின் அணைஞ்சிரும். பதினஞ்சாம் பிறந்தநாள் கொண்டாடுற பொண்ணுங்களை உக்கார வச்சு ஹவானா பூரா ஊர்வலம் ஓட்டுற உனக்கு இது எதுக்குய்யா?”

“சத்தத்தைக் கேளு மச்சான். சிங்கம்!”

சனிக்கிழமை எவுதால்தோவின் சொந்த மகளுக்கே ஊர்வலம். யனெய்சி நீலக் கவுனும் கிரீடமுமாகப் பின்சீட்டின் மேலேறி உட்கார்ந்து கையசைத்தாள். கடற்கரைச் சாலையில் சிங்கம் மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை எவுதால்தோ கடுப்பில் ஓங்கி மிதித்தான். கார் பறந்தது, கிரீடம் கடலுக்குள் போனது, போட்டோக்காரர் எங்கோ பின்னால் ஓடிவந்தார். பிரேக் போட்டதும் படுத்த எஞ்சின் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பின்னால் கார்களில் வந்த சொந்தக்காரர்கள் கோட்டு சூட்டோடு இறங்கித் தள்ளினார்கள்.

“ஆஹா, இதான் சரியான வேகம்!” என்று போட்டோக்காரர் படமாக எடுத்துக் குவித்தார்.

பின்னாலிருந்து தாய்மாமன் ஒரெஸ்தெஸ் மூச்சிரைக்கக் கத்தினான்:

“மாப்ளே, சிங்கத்தோட சத்தத்தையே காணோமே!”