புளியங்கொட்டைத் தோல்

பசு தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோதே அந்தோணிமேரிக்குச் சந்தேகம் தட்டியது. தொட்டியில் கிடந்த கலவை வழக்கத்தைவிடக் கருஞ்சிவப்பாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். வாயே சுருங்கிப்போனது.

போன மழைக்காலத்தில் அவள் கணவன் யூஜின், பெரிய மார்க்கெட்டில் மிஞ்சிய காலிஃபிளவர் இலையையும் பச்சைப் பயறுக்கொடியையும் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். ஆசையாகத் தின்ற தாய்ப்பசு, பொழுது சாய்வதற்குள் இடப்பக்கம் உப்பி, நுரை தள்ளிச் செத்துப்போனது. அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனாகவே கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். அப்போதே வளர்ந்து நின்ற அதன் கன்றுதான் இன்று சினையாக நிற்கும் இந்தப் பசு.

தீவனத்தில் புளியங்கொட்டைத் தோலைப் பொடித்துச் சேர்க்கலாம் என்று மாட்டு டாக்டர் சிந்தியா சொன்னபோது, யூஜின்தான் முந்திக்கொண்டு தலையாட்டினான். தட்டாஞ்சாவடியில் அவன் வேலை பார்க்கும் புளியங்கொட்டை மில்லில் அந்தத் தோல் கழிவாகக் குவிந்து கிடந்தது. அதைப் பொடித்து வீட்டிலேயே தீவனத்தில் கலந்து கொடுப்பதும் அவன்தான்.

"அந்தத் துவர்ப்பு வயித்துல நுரை கட்ட விடாது. ஆனா ஒரு கைப்பிடிதான், அதுக்கு மேல வேணாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். செத்த பசுவை நினைத்துக்கொண்டு அள்ளுகிறவனுக்கு ஒரு கைப்பிடி எப்படிப் போதும்?

போன் போட்டதும் டாக்டர் வந்துவிட்டார். பசுவின் இடப்பக்கப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தார்.

"வயித்துல அசைவே சரியா இல்லியே. பொடி எவ்ளோ போட்டீங்க?"

கொட்டகை வாசலில் நின்ற யூஜின் வாயைத் திறந்தான். அதற்குள் அந்தோணிமேரி குறுக்கே வந்தாள்.

"நான்தாம்மா. கொஞ்சம் அதிகமா போட்டுட்டேன்" என்றாள்.

"என்னாக்கா நீங்க? நல்லதுன்னு கொட்டுனா வயிறு வேலையே செய்யாது. சினை மாடு வேற." டாக்டர் கடிந்துகொண்டே மருந்து புகட்டினார். "பொடிய நிறுத்துங்க. வைக்கோலும் தண்ணியும் மட்டும் வைங்க. சாயந்திரம் வரைக்கும் அசை போடலன்னா கூப்புடுங்க."

டாக்டரின் ஸ்கூட்டர் தெரு திரும்பியதும் யூஜின் கேட்டான்.

"எதுக்கு உம்மேல போட்டுக்கின?"

"தண்ணி மொண்டுகினு வாங்க."

வாளியைப் பசுவின் முன்னால் வைத்தவன் அங்கேயே நின்றான். பிறகு டாக்டர் வைத்த இடத்தைத் தேடி, தயங்கித் தயங்கித் தன் முஷ்டியை வைத்தான்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"இரு, பேசாத."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பசு ஒரு காதை ஆட்டிவிட்டு, வாளிக்குள் மூக்கை நுழைத்தது.