தெற்குச் சுவரோரம் பதினெட்டுத் தொட்டிகள்

துறைமுகக் காண்ட்ராக்டர் அர்ஜுனன் பிள்ளை தம் வாழ்நாளில் கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். லண்டனில் அச்சான பூந்தோட்டப் புத்தகம் அது. எந்த மாதம், எந்தச் செடியை, எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. எந்த ஊரில் என்பது மட்டும் இல்லை. எழுதிய லண்டன்காரருக்கு அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. படித்த பிள்ளைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் அவருடைய பங்களா. அதன் தெற்குச் சுவரோரம் பெரணி, பெகோனியா, ஆந்தூரியம், ஆர்க்கிட் என்று பதினெட்டுத் தொட்டிகள் நின்றன. தெற்குச் சுவரில்தான் வெயில் விழும், அங்கேதான் செடி செழிக்கும் என்பது புத்தகத்தின் வாக்கு. லண்டனில் வெயிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். பினாங்கில் ஜனவரி மாதம் அந்தச் சுவரில் சாய்ந்தால் முதுகு வெந்துவிடும்.

ஆனாலும் மூன்று வருடமாகச் செடிகள் தளதளவென்றுதான் இருந்தன. அது செடி பார்க்கும் பக்கிரிசாமியின் வேலை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையின் மோட்டார் வாசலைத் தாண்டியதும், தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மங்குஸ்தான் மரத்தடியில் வைப்பார். பெரணிக்குக் காற்றில் ஈரம் வேண்டும், வேரில் தேங்கக் கூடாது. அதனால் அதைச் சுற்றித் தரையை நனைப்பார். பெகோனியாவுக்கு இலையில் சொட்டுப் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுவார். ஆர்க்கிட் தொட்டியில் பிள்ளை போடச் சொன்ன எருமண்ணைக் கொட்டிவிட்டு, கரியும் ஓட்டுச் சில்லும் நிரப்பியிருந்தார்; மண்ணுக்குள் மூச்சு முட்டி அழுகும் வேர் அது. மாலை நாலரைக்கு எல்லாம் மறுபடி சுவரோரம் அணிவகுத்து நிற்கும். ஐந்து மணிக்கு வரும் பிள்ளை செடிகளைப் பார்ப்பார், பூரிப்பார், புத்தகத்தைத் தட்டிக்கொடுப்பார்.

அந்த வருடம் ஜனவரிக் கடைசியில் பூக்கண்காட்சி. கோப்பையைக் கையில் கொடுக்கப்போவது ஒரு பெரிய துரை. பிள்ளைக்குச் சர்க்கார் கொடுக்கும் ஜே.பி. பட்டத்தின் மேல் கண். இருபது வருடம் சலாம் போட்டும் கிடைக்காத பட்டம் ஒரு பெரணியால் கிடைத்துவிடும் என்று நம்பினார்.

"கோப்பை வந்தா பின்னால இருக்கிற ரூம் உனக்கு ஆயுசுக்கும்" என்று பக்கிரிசாமியிடம் சொன்னார். "வரலேன்னா மூட்டையக் கட்டு. வெளங்குச்சா?"

கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது பக்கிரிசாமிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அதே வாரம், தாமே மேற்பார்வை பார்ப்பதென்று பிள்ளையும் வீட்டில் தங்கிவிட்டார். தொட்டிகளுக்கு எதிரே, வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தமக்கு நிழல் வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரிந்திருந்தது. பக்கிரிசாமியின் வேலையை அவர் மனைவி வடிவம்மாள் செய்தாள்.

முதல் நாள் மத்தியானமே பெரணியின் நுனி பழுத்தது. பின்னறையில் பாயில் நடுங்கிக் கிடந்த பக்கிரிசாமி கேட்டார்.

"தொட்டிய நெழலுக்கு மாத்துனியா?"

"எதுக்கால குந்திக்கிட்டு இருக்காரே, எப்படி மாத்த?"

"செடி போனா ரூம் போயிரும் புள்ள. எந்திரிக்கக்கூட முடியல, எங்க போவோம்?"

மறுநாள் அவள் மோட்டார் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் சீனி முகம்மதுவிடம் போனாள்.

"அண்ணே, நெசத்தச் சொல்லிரலாமா?"

"வேணாக்கா. முதலாளிக்குத் தெரியலன்னு முதலாளிகிட்டயே சொல்லுவியா? சூசாலா, தொல்லைதான் வரும்! என்னையப் பாரு. சோத்தாங்கைப் பக்கம் ஒடிம்பாரு, அங்க சாக்கடை இருக்கும். சரிங்க முதலாளின்னுட்டு பீச்சாங்கைப் பக்கம் ஒடிப்பேன். எறங்கி, பாத்தியா, நான் சொன்னதால தப்பிச்சேம்பாரு. சம்பளமும் வருது, வண்டியும் ஓடுது."

வடிவம்மாளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நேரே வராந்தாவுக்குப் போய், மூன்று வருடமாகத் தினமும் தொட்டிகள் எங்கே போய் எப்போது திரும்பின என்பதைச் சொல்லிவிட்டாள்.

பிள்ளை புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் புத்தகம் இத்தனை நாளாச் சும்மா கெடந்துச்சுங்கிறே?"

"செடிய மட்டும் நெழலுக்கு மாத்திக்கிறேங்க ஐயா."

"நெழல்ல வச்சுச் செல்லங் குடுத்துக் கெடுத்திருக்கான். நவுத்தாத. வெயில்ல எப்படி முறுக்கேறுதுன்னு பாரு."

அதோடு விடவில்லை. ஜனவரி மாதத்துக்கான பக்கத்தைப் புரட்டினார். உறைபனி தாக்காதபடி செடிகளை வைக்கோலால் மூடவும் என்று இருந்தது. வைக்கோல் அகப்படாததால், சூலியா தெருவிலிருந்து அரிசிச் சாக்குகள் வந்தன. வியர்வை கண்ணில் இறங்க, பதினெட்டுச் செடிகளுக்கும் வடிவம்மாள் சாக்குச் சுற்றிக் கட்டினாள்.

"பனி எங்கேங்க ஐயா?"

"வந்தப்புறம் கட்டுறவன் முட்டாள்."

கண்காட்சிக்கு முதல் நாள் சாக்குகளை அவிழ்த்தார்கள். பெரணி தேயிலைத் தூளாக உதிர்ந்தது. பெகோனியாத் தண்டு கூழாகிக் கையோடு வந்தது. ஆந்தூரியம் கறுத்துக் கிடந்தது. ஆர்க்கிட் இலைகள் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தன. பிள்ளை பதினெட்டையும் பார்த்து முடித்தார். புத்தகத்தின் மேல் ஒரு பழுதும் காணவில்லை.

"மூணு வருஷம் திருட்டுத்தனமா நெழல்ல வச்ச வெனை. உன் புருசன்தான் கொன்னிருக்கான். உன் வாயாலேயே ஒத்துக்கிட்டே. இன்னிக்கே ரூமக் காலி பண்ணு."

"காய்ச்சல் எறங்கட்டும் ஐயா. ரெண்டே நாளு."

"காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. இது பங்களா."

மோட்டார் முன்வாசலில் சும்மாதான் நின்றது. சாவி பிள்ளையின் மேசைமேல் இருந்தது. சீனி முகம்மது பக்கிரிசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையில் ஒரு ரிக்‌ஷா பிடித்து ஏற்றினார். பக்கிரிசாமி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தான்.

பிள்ளை கண்காட்சிக்கு வெறுங்கையோடு போனார். நம் ஆட்களை நம்பிச் செடியைக் கொடுக்கக் கூடாது என்று துரையிடம் வருத்தத்தோடு எடுத்துரைத்தார். துரை தலையாட்டினார். அதில் பிள்ளைக்கு ஏக திருப்தி.

புருஷனின் காரியம் முடிந்த மறுவாரம் வடிவம்மாள் புலாவ் தீக்குஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் வேலை கேட்டு நின்றாள். வாசல் நெடுக வெயிலில் பெரணித் தொட்டிகள்.

"செடியெல்லாம் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மாள்.

வடிவம்மாள் தொட்டிகளைப் பார்த்தாள். ஓரங்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன.

"தெரியாதுங்கம்மா. சொன்னதச் செய்வேன்."

"அது போதும்லா."

அன்றைக்கே வேலை கிடைத்தது.