பாலம் தூக்காத சனிக்கிழமை

எங்கள் ஹல் நகரத்தில் தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கடலோடு சேர்ந்து தினம் இரண்டு முறை நிரம்பி வடியும் ஆறு ஒன்று ஓடுகிறது. அதன் மேலுள்ள பாலங்கள் படகு வந்தால் மேலே எழும்பிக்கொள்ளும். ஆகவே எங்கே எவ்வளவு தாமதமாகப் போனாலும் "பாலம் தூக்கிட்டாங்க" என்றால் போதும். வாத்தியார் விட்டுவிடுவார், மேஸ்திரி விட்டுவிடுவார், பல் டாக்டர்கூட விட்டுவிடுவார்.

அப்படி ஒரு பாலத்தை முப்பத்தொரு வருடம் தூக்கி இறக்கியவன் நான். பெயர் நெவில். இருநூறு டன் இரும்பை எப்படித் தூக்கினாய் என்று பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பதில்லை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். சாய்ந்தாடும் நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் அடிப்பகுதி அதன் கால் மாதிரி வளைந்திருக்கும். பின்பக்கம் ஒரு பெரிய கான்கிரீட் கட்டி, முன்பக்க எடைக்குச் சமமாக. இரண்டும் சமம் என்பதால் சின்ன மோட்டார் ஒன்று லேசாகத் தள்ளினாலே பாலம் பின்னால் உருண்டு எழுந்துவிடும்.

ஒவ்வொரு முறை தூக்கும்போதும் நேரம், படகின் பெயர், நீர்மட்டம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். பாலத்தின் பழைய இயக்க அறையை இடித்தபோது அந்தப் பதிவேடுகளைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் சொன்ன சாக்கெல்லாம் உண்மையென்றால், பாலம் 1950 முதல் கீழே இறங்கியே இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் நூலகத்தில் பழைய நினைவுகள் பேசும் கூட்டம் நடக்கும். நூலகர் ரூத் பழைய புகைப்படங்களைப் பரப்புவாள், நாங்கள் சண்டை போடுவோம். ஊர் மாறும் வேகத்துக்குச் சண்டைக்குக் குறைவேயில்லை. ஒரு கப்பல்துறையைத் தூர்த்துப் பூங்கா ஆக்கினார்கள். இன்னொன்றின் மேல் தூண் நட்டுக் கடைவளாகம் கட்டினார்கள். இப்போது அந்தக் கடைகளும் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன.

அன்று பெரில் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள். நூறு முறை கேட்ட கதைதான்.

"1968, ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை. பதினோரு மணிக்குக் கல்யாணம். பதிவு அலுவலகப் படியில நாப்பது நிமிஷம் நிக்கிறேன், கையில பூவோட. பூ வாடுது, நானும் வாடுறேன். கடைசியில இந்த மகாராஜா ஓடி வர்றாரு. பாலம் தூக்கிட்டாங்களாம்!"

பக்கத்தில் அவள் புருஷன் டிரெவர் சிரித்தபடி தலையை ஆட்டினான். என்னோடு பள்ளியில் படித்தவன். கிழக்குக் கரைக்காரன்; பதிவு அலுவலகமோ மேற்குக் கரையில்.

"பிரமாதம்!" என்றாள் ரூத். "நெவில், அன்னிக்குப் பதிவேடு உங்ககிட்ட இருக்கும் இல்ல? கல்யாணப் படத்துக்குப் பக்கத்துலயே அந்தப் பக்கத்தையும் கண்காட்சியில மாட்டிடலாம்."

டிரெவரின் பிஸ்கட் டீக்குள் விழுந்து மூழ்கியது. அவன் அதை எடுக்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் என் கோட்டைப் பிடித்து இழுத்தான். "டேய், அந்தப் புத்தகம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"என்கிட்ட எதுவும் தொலையாதுடா."

"அன்னிக்குப் பாலம் தூக்கலைடா."

"தெரியும்" என்றேன். "அன்னிக்கு முழு வெள்ளம் காலையில நாலே முக்கால். அடுத்தது சாயங்காலம் அஞ்சே கால். பதினோரு மணிக்கு ஆத்துல வெறும் சேறுதான். படகென்ன, வாத்துகூட நடந்துதான் போயிருக்கும்."

"இத்தனை வருஷமா தெரியுமா உனக்கு?"

"நீ கேட்கவே இல்லையே."

பிறகு உண்மையைக் கக்கினான். அன்று புறாப் பந்தயம். அவனுடைய புறா பிரான்சிலிருந்து பறந்து வந்துவிட்டது, ஆனால் கூரையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. புறா வீடு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதன் காலிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்துக்குள் போட்டுத் திருகினால்தான் நேரம் பதியும். ஆகவே மாப்பிள்ளை, கல்யாண உடுப்போடு, கையில் ஒரு பிடி பட்டாணியோடு முக்கால் மணி நேரம் கூரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கேக்கை யாரு கருக்கினதுன்னு பெரிலோட அக்கா ஒரு சின்னப் பொய் சொன்னா. அதுக்குப் பெரில் அவகூட பத்தொன்பது வருஷம் பேசலைடா. எனக்கு வயசு எழுபத்தொன்பது. எனக்கு அவ்வளவு வருஷம் மிச்சமில்ல."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதிவேட்டில் பொய் சேர்க்க எனக்குக் கை வராது. "கொண்டு வருவேன். நானா வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன்.

அடுத்த செவ்வாய் பதிவேட்டை மேசையில் விரித்தேன். பென்சில் எழுத்து ரொம்ப மங்கியிருந்தது. ரூத் கண்ணாடியைத் தேடினாள். பெரில் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து டிரெவருக்கு ஒரு தும்மல் வந்தது. நாடகக்காரர்கள்கூட அப்படித் தும்ம மாட்டார்கள். கையிலிருந்த டீ முழுவதும் பக்கத்தின் மேல் கொட்டியது.

"ஐயையோ, அழிஞ்சு போச்சே!" என்றான், ரொம்பச் சந்தோஷமாக.

முன்கூட்டியே என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மழையிலும் பனியிலும் எழுதுகிற எங்களுக்குச் சாதாரணப் பென்சில் கொடுப்பதில்லை. அந்தப் பென்சிலின் கரியில் ஊதாச் சாயம் கலந்திருக்கும். காய்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். ஈரம் பட்டால் சாயம் கரைந்து காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் போகாது.

எல்லோர் கண் முன்னாலும் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊதா நிறத்தில் பூத்தன. ரூத் கண்ணாடி இல்லாமலேயே சத்தமாகப் படித்தாள்: "காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை பாலம் தூக்கப்படவில்லை."

சொட்டுச் சொட்டாக டீ தரையில் விழுந்தது. டிரெவர் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் பெரில்.

டிரெவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"நானும் கிழக்குக் கரைதானே? பத்தரைக்கு டாக்ஸில உங்க தெரு வழியாத்தான் போனேன். நீ கூரையைப் பார்த்து, 'கண்ணு, தங்கம், இறங்கி வாடி'ன்னு கொஞ்சிக்கிட்டு நின்னே. என்னைக்கூட அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

"அப்போ படியில நாப்பது நிமிஷம்..."

"நான் எதுக்குய்யா நிக்கணும்? நீ இப்போதைக்கு வரமாட்டேன்னு தெரிஞ்சுது. டாக்ஸியைச் சிப்ஸ் கடைக்கு விடச் சொன்னேன். டிரைவரும் நானும் நல்லா உப்பும் வினிகரும் போட்டுச் சாப்பிட்டோம். உனக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் படிக்கு வந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டுட்டு விட்டிருப்பே. கேட்கலை. அம்பத்தாறு வருஷமா தினமும் ஏழு மணிக்குப் படுக்கைக்கே டீ வருது."

டிரெவர் மெதுவாக மூச்சு விட்டான். "அப்படின்னா இனிமே டீ..."

"ஏழு மணிக்கு" என்றாள் பெரில். "ஆனா புத்தகத்து மேல கொட்டாதே."

ஊதாப் பக்கம் இப்போது நூலகச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பெரில் கேட்டுக்கொண்டபடி புறாவுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அது நாலாவதாக வந்ததாம்.

கண்காட்சி திறந்த அன்று பெரில் முதல் பேருந்திலேயே வந்துவிட்டாள். டிரெவர் இருபது நிமிடம் தாமதமாக, வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"பாலம் தூக்கிட்டாங்க! நிஜமா! ஏதோ சோதனையாம்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பெரில் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள். நான் பையிலிருந்து நீர்மட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முழு வெள்ளம். பாலம் தூக்கியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

"சொல்லுடா நெவில்!" என்று கெஞ்சினான் டிரெவர்.

"இப்போ பதிவேடு என்கிட்ட இல்லையே" என்றேன்.