வலி சாரின் நாய்

வலி சார் என்றால் கால்நடை மருத்துவமனைகளில் தெரியாதவர் கிடையாது. நாய்க்கும் பூனைக்கும் வலி மாத்திரை விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஒரு காலத்தில் இவர் பையோடு நுழைந்தாலே, "நாய்க்கு வலி மாத்திரையா? வேற வேலை இல்லையா சார்?" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். இப்போது நிலைமை தலைகீழ். வளர்ப்பவர்களே கேட்டு வாங்குகிறார்கள், சரக்கு வந்த வேகத்தில் காலி. எல்லாம் தன் வாய்ச் சாமர்த்தியம் என்று மனுஷர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

"வாயில்லா ஜீவன் வலிக்குதுன்னு சொல்லாது மேடம். அமைதியாயிடும். நாமதான் கண்டுபிடிக்கணும்" என்பார், குரல் தழுதழுக்க. எந்த வார்த்தையில் தழுதழுக்க வேண்டும் என்பதுகூடக் கண்ணாடி முன்னால் நின்று பழகினது.

அவர் வீட்டிலும் ஒரு நாய். பெயர் துரை. ஒரு காலத்தில் அது பண்ணாத அட்டகாசம் இல்லை. சோபாவில் ஏறும், வந்தவர் மேலெல்லாம் பாயும். வயதானதும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. "எல்லாம் நான் பழக்கினது" என்று இவர் மார்தட்டிக்கொள்வார். யார் வந்தாலும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரு, எழுந்திரு என்று வித்தை காட்ட வேண்டும். துரையும் பாவம், செய்யும்.

"ஏங்க, எழுந்திருக்க ரொம்ப யோசிக்குதே" என்று மனைவி சொல்லத்தான் செய்தாள்.

"சொன்னா நிதானமா செய்யுது. அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்" என்றார் மகா மேதாவி.

ஒருநாள் டாக்டர்கள் கூட்டத்தில் பேசச் சொல்லிக் கம்பெனி அனுப்பியது. வலியுள்ள நாய் ஒன்று, வலியில்லாத நாய் ஒன்று, இரண்டு வீடியோ காட்ட வேண்டும். முதலாவதைக் கம்பெனியே கொடுத்துவிட்டது. இரண்டாவதற்கு ஊரெல்லாம் அலைவானேன்? ஹாலில் துரையை உட்காரவைத்து எழுப்பி, போனில் எடுத்துக்கொண்டு போனார்.

"இப்ப பாருங்க, வலியே இல்லாத நாய். என் சொந்த நாய்!"

முன்வரிசையில் இருந்த மூத்த டாக்டரம்மா கையை உயர்த்தினார். "மறுபடி போடுங்க."

பாராட்டத்தான் போகிறார் என்று குஷியாகப் போட்டார்.

"உட்காரும்போது பின்னங்காலை ஒரு பக்கமா தள்ளுது பாருங்க. எழும்போது முன்னங்காலாலதான் உடம்பையே இழுக்குது. இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கும். சோபாவுல ஏறுதா?"

"ஏறாது மேடம். நான் பழக்கியிருக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவரும் சிரித்தார், வேறென்ன செய்வது? டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க பழக்கல சார். அதால முடியல. உட்கார்ந்து எழுறதுதான் அதுக்கு உயிர் போற வலி. அதையா செய்யச் சொல்றீங்க?"

வலி சார் எப்படியோ மிச்சப் பேச்சை ஒப்பித்தார். 'வலிக்குதுன்னு சொல்லாது, அமைதியாயிடும்' என்ற இடம் வந்தபோது குரல் நிஜமாகவே தழுதழுத்தது. நடிப்பு பிரமாதம் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் துரையைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் ஓடினார். எக்ஸ்ரே பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னது சொன்னபடி இருந்தது. எழுதிக்கொடுத்த மாத்திரை எது தெரியுமா? இவர் பையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் அதே மாத்திரை.

"ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் வலி தெரிஞ்சுது உங்களுக்கு" என்றாள் மனைவி.

"திட்டு. நல்லா திட்டு" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மூலையில் படுத்திருந்த துரை அவர் கையைப் பார்த்தது. உட்காரு என்று இவர் சொல்லவே இல்லை. அது முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்து எழுந்தது, அவரிடம் வந்தது, பின்னங்காலை ஒரு பக்கமாகத் தள்ளி, நடுங்க நடுங்க உட்கார ஆரம்பித்தது.

"வேண்டாம்டா துரை. வேண்டாம்டா ராஜா."

அதற்குள் உட்கார்ந்துவிட்டது. வலி போக்கும் மாத்திரையைக்கூட வலித்துக்கொண்டே உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்று பழக்கிவைத்திருந்தார், புண்ணியவான். தொப்பென்று தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

துரை மாத்திரையை விழுங்கியது. பிறகு, எழுந்திருக்கச் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.