டீச்சர் நாளைக்கு வருவாங்க

தலைமையாசிரியர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர். அவருக்கு எதிரே, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் வகுப்பு டீச்சர். அலமாரியில் சாய்ந்தபடி, உட்காரச் சொன்னாலும் உட்காராத ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஜன்னலோர நாற்காலியில், முதல் வகுப்புப் பாப்பா ஒருத்தியின் அம்மா.

அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது? அது முதல் வகுப்பு டீச்சருடையது. விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்தவர், பள்ளி திறப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். அவர் தலைமையாசிரியரின் மனைவி. வீட்டில் கணவரை 'ஏங்க' என்பாள். பள்ளி வாசலைத் தாண்டினால் 'சார்'தான். ஒரு நாள்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அது ஆடவும் அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியர் எழுந்து வந்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் குனிந்து, நகர்ந்து கிடந்த மடித்த அட்டையை எடுத்துக் காலுக்கடியில் செருகினார். மடித்து வைத்தது மனைவியின் கை.

"இப்ப ஆடாது. உக்காருங்கம்மா."

கூரை ஒழுகினால் அன்றைக்கே கடிதம் எழுதுகிற மனிதர் அவர். குழாய் உடைந்தால், பெஞ்சு போதாவிட்டால், பக்கத்து வீட்டு ஆடு தோட்டத்துக்குள் வந்தால்கூடக் கடிதம்தான். எழுதாமல் நின்றது ஒன்றே ஒன்று: முதல் வகுப்பு ஆசிரியர் பணியிடம் காலி, ஆள் போடுங்கள் என்று. 'பொருள்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிடுவார். அந்த வகுப்பை இரண்டாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தே இத்தனை நாள் ஓடிவிட்டது.

இன்று காலையில் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "உங்க பள்ளிக்கூடத்துல காலியிடம்னு ஒண்ணும் வரலையே சார். சாயங்காலம் பட்டியல மூடிடுவோம். விட்டா அடுத்த வருஷம்தான்."

அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

"ரெண்டு வகுப்புக்கும் கத்தி என் தொண்டையே போச்சு சார்," என்றாள் இரண்டாம் வகுப்பு டீச்சர். காற்றுதான் வந்தது.

"இவங்க வீட்டுக்காரர் நமக்கு நன்றிக் கடுதாசி எழுதப்போறாராம்," என்றார் ஐந்தாம் வகுப்பு.

"உங்க வீட்டம்மா அன்னாடம் உங்கள இங்க அனுப்பிட்டு அந்த நன்றியத்தான் சொல்றாங்க," என்றாள் அவள்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே."

"இன்னைக்குத்தான் கடைசி சார்," என்றார் ஐந்தாம் வகுப்பு, இப்போது விளையாட்டில்லாமல்.

அந்த அம்மா தொண்டையைச் செருமினாள். "நான் சண்டை போட வரல சார். டி.சி. கேக்கத்தான் வந்தேன். பாப்பா வீட்டுல பள்ளிக்கூடம் விளையாடுறா. பொம்மையெல்லாம் வரிசையா உக்கார வைப்பா. அப்புறம், 'எல்லாரும் சத்தம் போடாம இருங்க, டீச்சர் நாளைக்கு வருவாங்க'ன்னு சொல்லுவா. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவா. அவ்வளவுதான் விளையாட்டு. ஏண்டி, பாடம் சொல்லிக் குடுக்க மாட்டியான்னு கேட்டேன். 'டீச்சர்னா நாளைக்குத்தாம்மா வருவாங்க, இதுகூடத் தெரியாதா'ங்கிறா."



தினமும் காலையில் முதல் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று அதைச் சொல்பவர் தலைமையாசிரியர்தான். பள்ளி திறந்த அன்று அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது. மறுநாள் வேறு சொல்ல வாய் வரவில்லை. அந்த டீச்சரின் முகத்தையே பார்த்திராத பிள்ளைகள். அவரோடு சேர்ந்து அவர்களும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் காக்க வைத்திருந்தார்.

அவர் தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

வழக்கமாக அவர் கடிதம் மூன்று பக்கம் போகும். மனைவிதான் நின்றபடியே படித்து, "சார், ஆபீசர் தூங்கிடுவாரு" என்று பாதியை அடித்துத் தருவாள். இன்று நாலே வரி. பொருள் எழுதினார். காலியிடம் ஏற்பட்ட காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாயிற்று. அதன் பக்கத்தில் 'மரணம்' என்று எழுதித் தேதி போட்டார். இறந்தவர் தனக்கு என்ன உறவு என்று சொல்ல அந்தக் கடிதத்தில் இடமில்லை.

எழுதியதை இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் நீட்டினார். "படிச்சுப் பாரும்மா."

அவள் படித்தாள். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா இருந்தா இதுல ஒரு வரியக்கூட அடிக்க மாட்டாங்க சார்."

அது யார் நாற்காலி என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டென்று எழுந்தாள். "தெரியாம உக்காந்துட்டேன் சார்."

"உக்காருங்கம்மா. உக்காரத்தானே நாற்காலி." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "டி.சி. வேணும்னா இப்பவே தர்றேன். ஆனா பாப்பாகிட்ட சொல்லிடுங்க. அந்த டீச்சர் வரமாட்டாங்க. வேற ஒருத்தர் வருவாங்க, என்னைக்குன்னு தெரியல." சொல்லிவிட்டு, இல்லை என்று கையை அசைத்தார். "வேணாம். நான்தானே சொன்னேன். இத அனுப்பிட்டு நானே போய்ச் சொல்லிடறேன்."

அந்த அம்மா டி.சி. பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

உறை ஒட்டுவது எப்போதும் மனைவியின் வேலை. அவர் கைக்கு ஒரு நாளும் நேராக வந்ததில்லை. இன்றும் கோணிக்கொண்டது, பசை விரலெல்லாம் அப்பியது. பிரித்து ஒட்டலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பிரித்தால் மறுபடி ஒட்டுவாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதன்மேலேயே பள்ளி முத்திரையை அழுத்திக் குத்தினார்.

கல்வி அலுவலகத்தில் சேர்க்க, ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். வெளியே அவர் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பி, வாசலைத் தாண்டிப் போயிற்று.