காற்றடைத்த குழாய்

குளிர்கிடங்கில் ஆறு பெண்கள் தரையில் படிந்த பனிக்கட்டியைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் கூரைக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் மீன் பெட்டிகளின் மேல் அப்படியே உறைந்துபோயிருந்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அக்காவுக்கு மட்டும் அன்று வேலை தரவில்லை. அவள் வண்டி இடித்துத்தான் குழாய் உடைந்தது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

தீயணைப்புக் குழாய்களைப் பார்க்கும் மெக்கானிக் ஏணியில் ஏறினான். சும்மா நிற்க முடியாமல் அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, பதினோரு வருஷமா இதுக்குக் கீழதான் ஓட்டுறேன். உள்ள தண்ணியே இல்லன்னு சொல்வாங்க. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஆபீஸ் குழாய்ல எப்பவும் தண்ணி நிக்கும்க்கா. சூடு பட்டா முனையில இருக்கிற கண்ணாடிக் குப்பி வெடிச்சு உடனே கொட்டும். இங்க தண்ணி நின்னா உறைஞ்சிடும்ல? அதான் காத்தை அடைச்சு வச்சிருக்கு. குப்பி வெடிச்சோ குழாய் உடைஞ்சோ காத்து வெளிய போனா வால்வு திறந்து தண்ணி வரும்."

"கம்ப்யூட்டர் ரூம்ல?"

"அங்க ரெண்டு காவல். புகை தெரிஞ்சாதான் தண்ணி குழாய்க்கே வரும். குப்பியும் வெடிச்சாதான் கொட்டும். மிஷின் நனையக்கூடாதாம்."

"மிஷினுக்கு ரெண்டு தடவை விசாரிக்கிறாங்களா!" என்று அவள் சிரித்தாள்.

அவன் உடைந்த துண்டைக் கழற்றி இறக்கினான். சிவப்புக் குப்பி கீறல்கூட இல்லாமல் இருந்தது. குழாயின் வளைவு மட்டும் நீளவாக்கில் பிளந்திருந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பனிக்கட்டி.

"இடிச்சிருந்தா முதல்ல குப்பிதான் நொறுங்கும். போன சோதனைக்கு விட்ட தண்ணி மிச்சம் தங்கி, உறைஞ்சு, குழாயைப் பிளந்திருக்கு."

"வடிச்சுவிட வழி இல்லையா?"

"தாழ்வா ஒரு குழாய்த் திருகு இருக்கணுமே."

இருவரும் சுவரோரமாகத் தேடினார்கள். எட்டு அடுக்குப் பெட்டிகளை நகர்த்தியபின் திருகு தெரிந்தது. துருவும் பனியும் அதை மூடியிருந்தன.

"ஓ, இதைத்தான் ஒருத்தர் வந்து திறந்துவிடுவாரா! அவரைப் போன வருஷமே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ஆள் அதிகமாம்" என்றாள் அவள். அந்தப் பனிக்கட்டியை உள்ளங்கையில் வைத்து, கரையும்வரை பார்த்தாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

மெக்கானிக் கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்தான். மேனேஜர் நின்றபடியே படித்து, மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா வண்டி இடிச்சதுன்னு இன்ஷூரன்ஸுக்கு நேத்தே எழுதியாச்சு. இனி மாத்த முடியாது." அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீங்க வர வேணாம்மா."

"தப்பு என்மேல இல்லன்னு இப்பதானே படிச்சீங்க சார்?"

அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வெளிக் கதவில் வாட்ச்மேன் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேவை, நிதானமானவர்கள் மட்டும் வரவும் என்று எழுதியிருந்தது. காற்றில் ஒரு மூலை எழும்பி எழும்பி அடித்தது.

"அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார் அவர்.

பசை ஒட்டும்வரை அவள் அதை அழுத்திப் பிடித்திருந்தாள்.